கூழ் குடித்ததைச் சொல்ல வைத்தாள்

அம்மனை அம்மா என்று நம்பி வாழ்கிற அக்கா தங்கச்சிகள் எல்லோருக்கும், காசிமேட்டில் மீன் விற்கிற தேசம்மா வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் ரேவதி எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் படிக்கிறவர்கள் பாதியில் எழுந்து ஓடிவிடுவார்கள் என்று அவளாகவே திருத்திக்கொள்கிறாள். திருத்தட்டும். நடந்ததை மாற்றாமல் இருந்தால் எனக்குப் போதும்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. மாதத் தீட்டு நின்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. போன வருஷம் மாசி மாசத்தில் ஒரு காலை, ஏலத்தில் எடுத்த சங்கராவைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தேன். புடவையில் ஈரம். மீன் தண்ணீர்தான் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ரத்தம்.

நான் அப்படியே பாத்ரூம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் கூடப் பிறந்த அக்கா கன்னியம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. எல்லாம் நின்று மூன்று வருஷம் கழித்துத் திடீரென்று ரத்தம் பட்டது. எங்கள் தெருக்கோடி எல்லையம்மன் கோயிலில் ஆடி மாசம் கரகம் எடுப்பவள் அவள். தீட்டு என்று வெளியே சொன்னால் கரகம் வேறு கைக்குப் போய்விடும். அதற்காக ஒரு வருஷம் யாரிடமும் சொல்லாமல் மறைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது கர்ப்பப்பையைத் தாண்டி எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது என்றார்கள். ஆறு வருஷம் முன்னால் கார்த்திகை மாசம் போய்ச் சேர்ந்தாள். அவளைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசி அனுப்பியது இந்தக் கைதான்.

இவ்வளவு தெரிந்தவள் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரிந்ததால்தான் ஓடவில்லை. போனால் பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைக்காதவரைக்கும் அது ஏதோ உடம்புச் சூடு என்று சொல்லிக்கொண்டு இருக்கலாம் அல்லவா? வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். மோர் குடித்தேன். பத்து நாள் நின்றது. பிறகு மறுபடி வந்தது.

கோயிலுக்குள் போவதை விட்டுவிட்டேன். எதிரில் டீக்கடை ஓரமாக நின்று, அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிடுவேன். பார்த்தவர்கள் எல்லாம் நான் கோயில் தர்மகர்த்தாவோடு சண்டை போட்டுக்கொண்டு உள்ளே வராமல் இருக்கிறேன் என்று பேசிக்கொண்டார்கள். என் வாய் அப்படி. மார்க்கெட்டில் என்னிடம் பேரம் பேசவே யோசிப்பார்கள். அப்பேர்ப்பட்ட வாய் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பூட்டிக்கொண்டது.

அந்த டீக்கடை ஓரத்தில் நின்றுதான் அம்மனிடம் ஒரு பேச்சு வைத்தேன். "தாயே, வலி எவ்ளோ வேணும்னாலும் குடு. வாயத் தொறக்காம வாங்கிக்கிறேன். எங்க அக்காளுக்குக் குடுத்த நோவ மட்டும் எனக்குக் குடுக்காத." பேரம் பேசிப் பிழைக்கிறவள் சாமியிடமும் அதைத்தான் செய்தேன். அது பேரம் என்று அன்றைக்குத் தெரியவில்லை. வேண்டுதல் என்றே நினைத்தேன்.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. என் வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர். கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வீடு காணமாட்டார். தடைக்காலத்தில் மட்டும் இரண்டு மாசம் கரையில் இருப்பார். ரத்தம் பட்ட துணியை ஊறவைத்து நான் மூடிவைத்த வாளியை ஒரு நாள் அவர் திறந்து பார்த்துவிட்டார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. வாளியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார்.

"இன்னாமே இது. நீயும் உங்கக்கா மாதிரி மறைச்சுகினு கீறியா?"

அவ்வளவுதான் கேட்டார். கேட்டுவிட்டு அழுதார். புயலில் படகு கவிழ்ந்து ஒரு பகல் முழுக்க மிதந்து வந்த மனுஷன் அவர். அன்றைக்குக்கூட அழுததில்லை.

மறுநாள் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கேன் எடுத்தார்கள். அங்கே இருந்த பெரிய டாக்டரம்மா, நரைத்த தலை, பேச்சு நிதானம். கர்ப்பப்பையின் உள்தோல் தடித்திருக்கிறது, உள்ளே பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். ஹிஸ்டிரோஸ்கோபி என்று அதற்குப் பெயர். மெல்லிசான குழாயின் நுனியில் கேமரா இருக்குமாம். கீழ் வழியாக அதை விட்டு, டிவியில் பார்த்து, சந்தேகப்படுகிற இடத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவார்களாம். வயிற்றை வெட்டமாட்டார்கள்.

இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, முழித்திருக்கும்போதே செய்வது. ஒரு மணி நேரம் முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு, வயிற்றுக்குச் சாப்பிட்டு வரவேண்டும். தேவைப்பட்டால் கர்ப்பப்பை வாயில் மரத்துப்போகிற ஊசி போடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். இன்னொன்று, தியேட்டரில் முழு மயக்கம் கொடுத்துச் செய்வது. அதற்கு ரத்தம், ஈசிஜி எல்லாம் பார்த்துத் தேதி வாங்கவேண்டும், நாளாகும். நிறையப் பேர் முழித்திருந்தே செய்துகொள்கிறார்கள், சிலருக்குத் தாங்காது, எது வேண்டும் என்று நீங்களே சொல்லலாம் என்றார்.

நான் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டேன். "முழிச்சிருக்கும்போதே பண்ணிடுங்க டாக்டர். மாத்திரை, ஊசி ஒண்ணும் வாணாம். நான் பதினோரு வருசமா தீ மிதிக்கிறவ."

"தீ மிதிக்கிறது வேற, இது வேறம்மா" என்று சொல்லி மாத்திரையை எழுதிக் கையில் கொடுத்தார். நான் அதை வாங்கி வந்து அம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். வலியை வாங்கிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாத்திரை போட்டால் அது ஏமாற்று இல்லையா?

வைகாசி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். விரதம் என்று காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று நர்சு கேட்டாள். சாப்பிட்டேன், போட்டேன் என்று இரண்டு பொய்யும் கூசாமல் சொன்னேன்.

அந்த வலியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. படிக்கிறவர்களில் யாராவது பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருந்துவிட்டால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நான் மருந்து இல்லாமல், வெறும் வயிற்றோடு, உடம்பையெல்லாம் இறுக்கிக்கொண்டு படுத்திருந்தவள் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கையைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் கத்தினேன். அப்புறம் காது அடைத்தது, கண் இருட்டியது, வியர்வை ஊற்றியது. முழித்துப் பார்த்தால் காலைத் தூக்கி வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பார்க்கவே முடியவில்லை, நிறுத்திவிட்டோம் என்றார்கள்.

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, மாத்திரை போட்டும் உங்களுக்குத் தாங்கவில்லை, பரவாயில்லை, மயக்கம் கொடுத்தே செய்துவிடலாம் என்றார். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம். பதினோரு வருஷம் நெருப்பில் நடந்தவள் கால் மணி நேரம் தாங்கவில்லை என்கிற வெட்கம். வாயே திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தவள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. வலி போய்விட்டது. மனசுதான் விட்டுப்போயிற்று. நான் நீட்டிய காணிக்கையை அவள் வாங்கவில்லை என்று தோன்றியது. அப்படியென்றால் நோயைத்தான் கொடுக்கப்போகிறாள். அக்காவின் வழியில் என்னையும் கூப்பிடுகிறாள். இதற்குமேல் கேட்க என்னிடம் என்ன இருக்கிறது? டீக்கடை ஓரத்தில் நின்று கும்பிடுவதையும் விட்டுவிட்டேன். மீன் விற்கப் போவேன், வருவேன், படுப்பேன். ரேவதிக்கு என்னென்ன எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

ரத்தம் நிற்கவில்லை. வந்தது, போனது, வந்தது. தடைக்காலம் முடிந்து வீட்டுக்காரர் கடலுக்குப் போகமாட்டேன் என்று நின்றார். நான்தான் பிடித்துத் தள்ளினேன். ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்தது. எந்த நாள் தெரியுமா? ஆடி மாசம் மூன்றாம் வெள்ளி. எங்கள் குப்பத்தில் எல்லையம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாள். ஊரே கோயிலில் இருக்கும்போது நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில். அதையும் அவள் என்னைத் தள்ளிவைத்ததாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

முந்தின நாள் ஆஸ்பத்திரியில் இருந்து போன் செய்து சொன்னார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக்கூடாது. ரேவதி அதைப் பெரிய எழுத்தில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. ரேவதி ஆட்டோ பிடிக்கக் கல்மண்டபம் ரோட்டுக்குப் போயிருந்தாள். நான் பையோடு வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டுக் குமாரி கோயில் பக்கமிருந்து ஓடிவந்தாள். ஈரத்தலை, மஞ்சள் புடவை, கையில் ஒரு சொம்பு. அம்மனுக்குப் படைத்த முதல் கூழ். எனக்கு ஆஸ்பத்திரி என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும், என்ன ஏது என்று தெரியாது.

"யக்கா, நீ உள்ள வர்லன்னு அம்மாவே வூடு தேடி வந்துகினா பாரு. குடிச்சுட்டுப் போ, ஒண்ணும் ஆவாது."

ஆறு மாசம். ஆறு மாசமாக அந்தக் கோயிலின் விபூதி என் நெற்றியில் பட்டதில்லை, குங்குமம் பட்டதில்லை. என்னை விட்டுவிட்டாள் என்று நினைத்திருந்தவள் வீடு தேடி வந்திருக்கிறாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? எங்களில் அம்மன் கூழை யாரும் சாப்பாடு என்று நினைக்கமாட்டோம். விரதம் இருக்கிறவர்களே அதைக் குடித்துத்தான் விரதத்தைத் தாங்குவார்கள். நின்ற இடத்திலேயே சொம்பைத் தூக்கி அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். கேழ்வரகும் மோரும் சின்ன வெங்காயமும். கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆட்டோ வந்தது, வாயைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். ரேவதி பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பச்சை கவுன் கொடுத்தார்கள். மூக்குத்தி கழலவில்லை, சோப்பு போட்டுக் கழற்றினார்கள். கண்ணாடி வளையலையும் எடுத்துவிட்டார்கள். நர்சு பேப்பரை வைத்துக்கொண்டு கேட்டாள், ஏதாவது சாப்பிட்டீர்களா என்று. இல்லை என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் அது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிரசாதம் சாப்பாடு கிடையாதே.

தியேட்டர் கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு. எனக்கு முன்னால் இரண்டு பேர். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா கடைசியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. தண்ணீர் கேட்பாள், கொடுத்தால் இறங்காது. ரேவதி எனக்கு அதையெல்லாம் செய்யவேண்டி வருமே என்று நினைத்தபோது என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு மாசமாக விட்டிருந்த வேண்டுதலை அங்கே மறுபடி எடுத்தேன். பேரம் இல்லை. கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாதவள் என்ன பேரம் பேசுவாள்? "தாயே, எனக்கு ஒண்ணும் தெர்ல. இன்னா பண்ணணும்னு நீயே சொல்லு." அவ்வளவுதான் கேட்டேன்.

அந்த நேரம் எனக்கு ஏப்பம் வந்தது.

சிரிக்காதீர்கள். புளித்த மோரும் வெங்காயமுமாக, அடிவயிற்றிலிருந்து தொண்டை வரைக்கும் ஏறி வந்தது. உனக்குப் பதில் கேட்டால் ஏப்பத்தையா அனுப்புகிறாய் என்று கோபமே வந்தது. கையால் வாயை மூடிக்கொண்டேன். அதே நிமிஷம் மயக்க டாக்டர் வந்து எதிரில் குனிந்தார். சின்ன வயசு. வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார், கழுத்தை அசைக்கச் சொன்னார். அப்புறம் கேட்டார், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்று.

கூழ் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மயக்கம் வேண்டும் என்றால் இல்லை என்றுதான் சொல்லவேண்டும். வெளியே வந்தது வேறு.

"கூழு குடிச்சேன் சார். ஒரு சொம்பு. காலைல ஆறு மணிக்கு."

அவர் நிமிர்ந்தார். கோபப்படவில்லை. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிட்டால் நுரையீரல் கெட்டுப்போகும், உயிருக்கே ஆபத்து, நல்லவேளை சொன்னீர்கள் என்றார். என் பெயரை லிஸ்டில் கோடு போட்டு அடித்தார். அடுத்த தேதி எப்போது என்று கேட்டேன். ஒரு மாசமாவது ஆகும் என்றார்.

ஒரு மாசம். அக்கா மறைத்த ஒரு வருஷத்தில் நான் ஏற்கெனவே பாதியைத் தாண்டிவிட்டேன். வெளியே வந்து ரேவதியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பெரீமாவும் இப்டிதாம்மா பண்ணுச்சு. கரகம், கரகம்னு. நீ கூழு, கூழுன்னு போ. எனக்கு அம்மாவே வேணாம்னு நானும் வேண்டிக்கிறேன்."

சொல்லிவிட்டு அந்த வராண்டாவின் கோடியில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இதை எழுதும்போதும் அழுகிறாள், பாருங்கள். அன்றைக்கு நான் அழவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கவுனைக்கூட மாற்றாமல் அந்தத் தரையிலேயே உட்கார்ந்தேன். சாமியும் இல்லை, டாக்டரும் இல்லை, பெற்ற பெண்ணும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் ஆயுசில் அவ்வளவு வெறுமையாக நான் இருந்ததில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பெரிய டாக்டரம்மா தியேட்டரிலிருந்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். கூழ் விஷயத்தை மயக்க டாக்டர் சொல்லியிருந்தார். தரையில் உட்காராதீர்கள் என்று கையைக் கொடுத்து எழுப்பினார். ஒரு உண்மையைச் சொன்ன வாய் அடுத்ததையும் சொல்லிவிட்டது. முதல் தடவை நான் மாத்திரை போடவில்லை, சாப்பிடவும் இல்லை, அம்மன் படத்துக்குப் பின்னால் மாத்திரை இன்னும் அப்படியே இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். வலியை அவளுக்குக் கொடுப்பதாகப் பேசியிருந்ததையும் சொன்னேன்.

டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். "அவ்வளவு வலி வேணும்னு உங்களை யாரும்மா கேட்டது?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. அம்மன் கேட்கவே இல்லை. பதினோரு வருஷமாகத் தீ மிதித்தபோதும் அவள் என் காலைச் சுடவிட்டதில்லை. வலியை நானாகத்தான் எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

அப்புறம் டாக்டரம்மா சொன்னது இதுதான். முதல் தடவை மருந்தே உள்ளே போகவில்லை என்றால், முழித்திருந்து செய்வது உங்களுக்குத் தாங்காது என்று நானும் சொல்ல முடியாது. முழு மயக்கம் இன்றைக்கு முடியாது. ஆனால் முழித்திருந்து செய்வதற்கு வயிற்றில் சாப்பாடு இருப்பது நல்லது. இப்போது மாத்திரை போடுங்கள், ஒரு மணி நேரம் காத்திருப்போம், மரத்துப்போகிற ஊசியும் போடுகிறேன், இருப்பதிலேயே மெல்லிசான குழாயை எடுத்துக்கொள்கிறேன். போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுவேன். இல்லை, மயக்கம்தான் வேண்டும் என்றால் அடுத்த தேதிக்கு வாருங்கள், அதிலும் தப்பில்லை. முடிவு உங்களுடையது.

சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் கையில் அவர் கொடுத்த மாத்திரை. முன்பு பட்டது எல்லாம் உடம்புக்கு ஞாபகம் இருந்தது. ரேவதி எப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் என்று தெரியாது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

நான் கண்ணை மூடி, "தாயே, இத்தப் போட்டுக்கிறேன், கோச்சுக்காத" என்றேன். வாயில் கூழின் புளிப்பு இன்னும் இருந்தது. அந்தப் புளிப்போடு சேர்த்தே மாத்திரையை விழுங்கினேன்.

வலிக்கவே இல்லை என்று சொன்னால் நான் மறுபடி பொய் சொல்கிறவள் ஆவேன். ஊசி சுருக்கென்று குத்தியது, நெஞ்சு கொஞ்சம் படபடத்தது, அது போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், போய்விட்டது. அப்புறம் தீட்டு நாளில் வருகிற மாதிரி அடிவயிற்றைப் பிசைகிற வலி. கலா என்கிற நர்சு என் கையைப் பிடித்துக்கொண்டு காசிமேட்டில் வஞ்சிரம் இப்போது எப்படி என்று கேட்டாள். அந்த நிலைமையிலும் நான் மீன் வியாபாரம் பேசினேன். நடுவில் ஒரு தடவை "போதும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே நிறுத்தினார்கள். நிஜமாகவே நிறுத்தினார்கள். மூச்சை இழுத்து விட்டேன். அப்புறம் நானே சொன்னேன், மேலே பண்ணுங்கள் என்று.

டிவியைப் பாருங்கள் என்றார் டாக்டரம்மா. திரும்பிப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்னச் சதை தொங்கிக்கொண்டிருந்தது. புது மீனின் செவுள் மாதிரி சிவப்பு. நான் மூன்று பிள்ளை பெற்ற இடத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அந்தச் சதையை முழுசாக எடுத்துவிட்டார்கள், பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சுரண்டி எடுத்து டப்பாவில் போட்டார்கள். என்ன சதை என்று கேட்டேன். பார்வைக்குப் பயப்படும்படி இல்லை, ஆனால் டெஸ்டு வந்தால்தான் சொல்வேன் என்றார்.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்தோம். கோயிலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

டெஸ்டு ரிசல்ட்டுக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று எழுதச் சொன்னால் நன்றாக இருக்கும். வரவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் அக்காவின் முகம். டாக்டரம்மா ஆறுதலுக்குச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அக்காவிடமும், எல்லா இடத்துக்கும் பரவின பிறகுகூட, ஒன்றுமில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் சொன்னோம். ஒரு சேலையை எடுத்து, நான் போய்ச் சேர்ந்தால் இதைத்தான் எனக்குக் கட்டவேண்டும் என்று தனியாக வைத்தேன். ரேவதி அதைப் பார்த்துவிட்டு, எடுத்து உடுத்திக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் என் பெண் அல்லவா?

ரிசல்ட் வாங்கப் போன அன்று டாக்டரம்மா பேப்பரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். புற்று இல்லை. சாதாரணச் சதை வளர்ச்சி, எடுத்தாகிவிட்டது, மறுபடி எப்போது ரத்தம் பட்டாலும் அன்றைக்கே வாருங்கள் என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முதலில் வந்தது ஆத்திரம். அக்காவுக்கும் ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த மேஜையிலேயே தலையை வைத்து அழுதேன். வெளியே அடுத்த ஆள் காத்திருந்தும் டாக்டரம்மா என்னை எழுப்பவில்லை.

வீட்டுக்காரர் கடலில் இருந்தார். கரைக்கு வந்து படகு கட்டியதும் நான் துறைமுகத்திலேயே போய் நின்றேன். எட்டத்தில் இருந்தே ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். அந்த மனுஷன் மீன் இறக்குகிற கூட்டத்துக்கு நடுவில் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கோயிலுக்குள் போனேன். நெற்றியில் விபூதி பட்டது. என்ன சொல்லிக் கும்பிட்டேன் என்று கேட்காதீர்கள். வெறுமனே நின்றுகொண்டே இருந்தேன்.

இதில் சாமி எங்கே வந்தாள், டாக்டர் செய்ததுதானே என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். எனக்குத் தெரியும். ஆடி வெள்ளியன்று இல்லை என்று சொல்லத் திறந்த வாயில் உண்டு என்ற சொல்லைப் போட்டது யார்? அவள் உடுக்கை அடித்து வரவில்லை, யார் மேலும் ஏறி ஆடி வாக்குச் சொல்லவில்லை. எனக்கு எது புரியுமோ அப்படி வந்தாள். அந்த ஏப்பம் வராமல் போயிருந்தால் ஆபரேஷன் மேஜையிலிருந்து நான் எழுந்திருக்காமல் போயிருக்கலாம். மயக்க டாக்டர் சொன்னது அதுதான்.

அக்காவுக்கு ஏன் இப்படி வரவில்லை? இதற்கு மட்டும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கோயிலில் நிற்கிறபோதெல்லாம் கேட்கிறேன். வந்திருப்பாள், அக்காதான் சொல்லாமல் முழுங்கியிருப்பாள் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அப்படியும் தோன்றுவதில்லை.

இந்த ஆடிக்கு நான் தீ மிதிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பானைக் கூழ் ஊற்றினேன். சொம்பு நீட்டின ஒவ்வொரு பொம்பளையிடமும் ஊற்றிக்கொண்டே கேட்டேன், நின்ற பிறகு உனக்குப் பட்டதா என்று. கோயில் வாசலில் கேட்கிற கேள்வியா என்று தர்மகர்த்தா முறைத்தார். அவரோடு இந்தத் தடவை நிஜமாகவே சண்டை போட்டேன். குமாரியின் மாமியாருக்குப் பட்டிருந்தது, ஐந்து மாசமாக. மறு திங்கட்கிழமை நான்தான் கூட்டிப்போனேன். ஸ்கேன் பார்த்து டெஸ்டுக்கு நாள் கொடுத்தார்கள்; அந்த நாள் நாஷ்டா சாப்பிட வைத்து, மாத்திரையை என் கண் எதிரில் போட வைத்தேன். அங்கே போனதும் அவள் முழு மயக்கம்தான் வேண்டும் என்றாள். சரி என்று தேதி வாங்கிக்கொண்டு வந்தோம். அந்த மயக்கத் தேதியன்று ஒரு சொட்டுக் கூழ்கூட அவள் வாயில் படாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அக்கா தங்கச்சிகளே, உங்களுக்கும் இப்படி ஒரு ரத்தம் பட்டால், வாளியை மூடி வைக்காதீர்கள். அம்மாவிடம் கேளுங்கள், அழுது கேளுங்கள், கோபித்துக்கொண்டும் கேளுங்கள். வலியை மட்டும் நீட்டாதீர்கள், அவள் அதைக் கேட்கவில்லை. டாக்டர் குனிந்து சாப்பிட்டாயா என்று கேட்கும்போது, அவள்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு உள்ளதைச் சொல்லிவிடுங்கள். என் அக்கா கன்னியம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.